கொட்டிலில் நிற்கும் காருக்கு ஒரு கொப்பி

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஊர்களில் பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தார்க்கும், அந்தக் கார்களைத் திருத்தும் கராஜ்காரர்களுக்கும்,



மூத்தப்பாவின் கார் வளவு மூலையில் படங்கு போர்த்தி நிற்கிறது. நான்கு டயரும் காற்றிறங்கிவிட்டன. ஒரு நாள் வெளியூர்த் தரகர் ஒருவர் வருகிறார். பொனட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் குனிந்து இலக்கத் தகட்டைப் பார்க்கிறார். அடுத்த கேள்வி: “புத்தகம் இருக்கா?” வீட்டார் இரும்பின் நிறையில் விலை யோசிக்கிறார்கள், வந்தவர் தகட்டிலும் காகிதத்திலும் விலை யோசிக்கிறார். இந்த மடல் அந்த இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியது.

காரை விற்காதீர்கள் என்று சொல்ல வந்த மடல் அல்ல இது. குமருக்குக் கல்யாணம் இருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும். விற்பதும் வைப்பதும் உங்கள் உரிமை. கேட்பது ஒன்றே ஒன்று: கார் வளவை விட்டுப் போகுமுன் அதன் வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். கார் சேகரிப்பு என்றதும் ஒரு செல்வந்தர், ஒரு பளிங்கு மண்டபம், வரிசையாகப் பளபளக்கும் வண்டிகள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தக் கரையோரத்தின் சேகரிப்பு ஒரே கூரையின் கீழ் இல்லை; வளவு வளவாகப் பிரிந்து கிடக்கிறது. வண்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிவேடுதான் இல்லை.

இலங்கையில் பழைய கார்கள் இத்தனை காலம் நிலைத்ததற்கு முதற் காரணம் தட்டுப்பாடு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசாங்கம் கார் இறக்குமதியின் கழுத்தை நெரித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியையே ஓட்ட வேண்டிய நிலை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஹில்மன், பெஜோ 203, வொக்ஸ்வேகன் பீட்டில் எல்லாம் தங்கள் ஆயுளைத் தாண்டி ஓடின. தேய்ந்த பாகம் கடையில் கிடைக்காததால் லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள். வேறு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தினார்கள். அதே கதை 2020 மார்ச்சில் திரும்பி வந்தது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருடம், ஓடுகிற எந்த வண்டிக்கும் விலை ஏறியது. பழையதைத் திருத்தத் தெரிந்த கையின் மதிப்பும் கூடவே ஏறியது.

இந்த வண்டிகளில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1906இல் உஸ்மானியப் பேரரசின் இஸ்மீர் துறைமுகத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரைத் தொடர்ந்து அந்த ஊரே போர்க்களமானபோது, 1922இல் அவரது கிரேக்கக் குடும்பம் அங்கிருந்து வெளியேறியது. பிறகு இங்கிலாந்தில் பொறியியல் படித்தார். 1948 லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு மைனர் தயாராகிக்கொண்டிருந்த கடைசிக் கட்டத்தில், வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று அவர் மனதுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, பாதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகிய இடத்தில் கண் ஒத்துக்கொண்டது. மைனரின் பொனட் நடுவே முன்னும் பின்னுமாக ஓடும் அந்தத் தட்டையான பட்டி இருக்கிறதே, அதுதான் சேர்த்த 4 அங்குலம். பம்பர்கள் முன்கூட்டியே செய்து முடிந்திருந்ததால், ஆரம்ப வண்டிகளின் பம்பரை நடுவே வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள்.

வளவில் நிற்கும் மைனரின் வயதை ஒரு பத்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடலாம். முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் அது 1956க்கு முந்திய வகை. எஞ்சின் முதலில் 918 சீசீ, 1952இலிருந்து 803, 1956இல் ஒற்றைக் கண்ணாடியோடு 948, 1962இலிருந்து 1,098. திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு வெளிச்சம் காட்டினால் அதுவும் பழைய வகையே. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது அதுதான். உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சம் வண்டிகள் உலகெங்கும் போயிருந்தன. அவற்றில் ஒன்று உங்கள் வளவுக்கு எப்படி வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்ற கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

இலக்கத் தகட்டில் இருப்பது நாட்டின் வரலாறு. பழைய கார்களில் சீ.எல்., சீ.என்., சீ.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘சிலோன்’ என்ற பெயரின் எழுத்துகளிலிருந்து பொறுக்கியவை. 1957 ஜனவரியில் புதிய பதிவுகளுக்கு ஆங்கில எழுத்து நீங்கி, சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறி ஓராண்டும் ஆகாத நேரம் அது. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள எழுத்து இருந்த இடத்தில் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதி வண்டி ஓட்டினார்கள். 1958 ஜனவரியில் பஸ்கள் தேசியமயமாயின. சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பஸ்கள் தமிழ் பேசும் பகுதிகளுக்கு வந்தபோது தகடுகளில் தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதக் கலவரத்துக்கு முந்திய வாரங்களின் கதை இது. ஸ்ரீ காலம் முடிந்து வெறும் இலக்கங்கள் வந்தன. 2000இலிருந்து மாகாண எழுத்தும் சேர்ந்துகொண்டது.

ஆகவே காரைப் புதிதாக்குகிறோம் என்று பழைய தகட்டைக் கழற்றி வீசாதீர்கள். சாயம் உரிந்திருந்தாலும் அப்படியே எடுத்து வையுங்கள்.

காகிதம் ஒரு காருக்கு என்ன செய்யும் என்பதற்குக் கொழும்பிலேயே சாட்சி இருக்கிறது. காலிமுகத்திடல் ஹோட்டலின் சிறு அருங்காட்சியகத்தில் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் கார் ஒன்று நிற்கிறது. 1940இல் இளம் கடற்படை வீரராகக் கொழும்பில் இருந்த இளவரசர் பிலிப், பிற்காலத்தில் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் கணவரானவர், 12 பவுணுக்கு வாங்கிய கார் அது. அவர் சொந்தமாக வாங்கிய முதற் கார். அன்றைக்கே பழசாகிப்போன ஒரு சாதாரண வண்டி. யார் வாங்கினார், எந்த வருடம், என்ன விலை என்பது அழியாமல் தெரிந்திருப்பதால்தான் இன்றும் மனிதர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.

இளவரசர் ஓட்டிய காருக்குத்தான் கதை உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். கவென்ட்ரியில் அந்தக் காரைச் செய்த அதே ஸ்டாண்டர்ட் நிறுவனம்தான் 1946 முதல் 1956 வரை ஃபெர்குசன் டீ.ஈ.20 உழவு மெசினையும் செய்தது. சாம்பல் நிறத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் வெளிவந்த மெசின் அது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, அமெரிக்காவின் மொரிசன்-க்னுட்சன் நிறுவனம் இங்கினியாகலையில் அணை கட்டிய பிறகு, இந்த மாவட்டத்து வயலின் முகமே மாறியது. மாடு மிதித்த களத்தில் மெசின் ஏறியது. உழவும் சூடடிப்பும் டயர்ச் சத்தத்துக்குப் பழகின. அதனால் உங்கள் கொப்பியில் காருக்கு மட்டும் இடம் வைக்காதீர்கள். போடியார் வீட்டு ஃபெர்குசனும், வரப்பில் ஓடித் தேய்ந்த லேண்ட்மாஸ்டரும், நெல்லேற்றிய பழைய லொறியும் அதே வரிசையைச் சேர்ந்தவை.

பதிவு செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையால் அங்கே பெற்றோல் கிடைப்பது அரிதானது. ஹயர் ஓடிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெய்க்கு மாறின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். தெருவெல்லாம் புகை மணக்கும். கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் சுமந்த வண்டிகள் அவை. உலகில் எந்தக் கார்ச் சங்கமும் திட்டமிட்டுச் செய்யாத ஒரு நடமாடும் சேகரிப்பு அங்கே உருவாகியிருந்தது. தெற்குக்கான பாதை திறந்து புதிய வாகனங்கள் வந்த பிறகு, அந்தக் கார்கள் பல கைமாறித் தெற்கே போயின. இன்று கொழும்பில் மெருகேற்றிய ஒரு கேம்பிரிட்ஜைப் பார்ப்பவருக்கு, அது மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தைச் சொல்ல அதில் ஒரு தடயமும் இருக்காது. புதுச் சாயம் அத்தனையையும் மூடியிருக்கும்.

கல்முனைக் கரையின் கார்களுக்கும் அப்படிப்பட்ட ஓட்டங்கள் உண்டு. 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தின் ஒற்றை வழியில் எதிர்வண்டிக்குக் காத்திருந்து மட்டக்களப்புக்குப் போன பயணங்கள் உண்டு. 2013இல் புதிய பாலம் வந்த பிறகு அந்தக் காத்திருப்பை அறியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, அந்தப் பாலத்தில் சக்கரம் உருட்டிய கார் ஒன்று வேண்டும்; கூடவே அதை ஓட்டியவரின் பெயர் வேண்டும்.

சேகரிப்பு எப்படியெல்லாம் பிறக்கிறது என்பதற்கு வெளியே மூன்று பாதைகளைப் பார்க்கலாம்.

முதலாவது கோயம்புத்தூர். 1920இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டம் தொடங்கினார். அது யூனிவர்சல் மோட்டார் சேர்விஸ் என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. எந்திரத்தைக் கழற்றிப் பார்த்துக் கற்ற மனிதர் அவர். அவர் மகன் ஜி.டி. கோபால் காலத்தில், 2015இல், அவிநாசி சாலையில் ஜீடி கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் மாதிரி அங்கே இருக்கிறது. ரோல்ஸ் ரொய்ஸும் இருக்கிறது. சாதாரணக் குடும்பங்கள் ஏறிப்போன சின்னக் கார்களும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வந்து எஞ்சின் வளர்ந்த கதையைப் படித்துவிட்டுப் போகிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போகும் உங்களில் எவரும் அரை நாள் ஒதுக்கிப் பார்த்துவர வேண்டிய இடம்.

இரண்டாவது வளைகுடா. இந்தக் கரையிலிருந்து அங்கே உழைக்கப் போகாத குடும்பம் குறைவு. அபூதாபியில் ஷேக் ஹமத் பின் ஹம்தான் அல் நஹ்யான் தனக்கென்று நூற்றுக்கணக்கில் வண்டி சேர்த்தவர். வாரத்தின் 7 நாளுக்கு 7 நிறத்தில் பென்ஸ் கார் வைத்திருந்தவர். ஆனால் அவர் மனதுக்கு நெருக்கமானது பாலைவன மணலில் ஓடிய பழைய டொட்ஜ் பவர் வேகன் லொறி. அதை நான்கு மடங்கு உயர, நீள, அகலத்தில் கட்டுவித்து, உள்ளே அறைகளும் வைத்தார். சார்ஜாவில் பழங்கார்களுக்கென்றே 2008இல் திறந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. லீவு நாளில் அங்கே போகும் பிள்ளைகள் பார்வையாளராக மட்டும் திரும்பி வராமல், ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்து வரட்டும்.

மூன்றாவது கதையை மருதமுனைக்காரர்கள் கூர்ந்து வாசிக்க வேண்டும். அவர்களது ஊரைப் போலவே அதுவும் நெசவுத் தொழிலோடு பிணைந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப் என்ற சகோதரர்கள் நூல் ஆலைகள் நடத்தினார்கள். ஃபிரிட்ஸுக்கு புகாட்டிக் கார்மீது தீராத மோகம். மூல்ஹவுஸ் நகரத்தில் பழைய ஆலையொன்றை எடுத்து, ஊருக்குத் தெரியாமல் கார்களைச் சேர்த்தார். நானூறுக்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் நூற்றுக்கு மேல் புகாட்டி. 1970களில் நெசவுத் தொழில் சரிந்து ஆலைகள் மூடப்பட்டன, சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் வேலையிழந்த தொழிலாளர் பூட்டை உடைத்து உள்ளே போனபோது, தங்கள் உழைப்பு எங்கே போனது என்பது கண்முன்னால் வரிசையாக நின்றது. அவர்கள் அந்தக் கார்களைக் காத்தார்கள். இரண்டு ஆண்டு அந்த இடத்தைத் தாங்களே நடத்தி, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1982இல் அது தேசிய அருங்காட்சியகமானது. ஒளித்து வைத்த சேகரிப்பு எவ்வளவு பெரிதானாலும் ஊர் அதைத் தன்னுடையதாக நினைக்காது. ஊர் அறிந்து சேர்ந்தால், வேலையிழந்தவனும் அதற்குக் காவல் நிற்பான்.

இங்கே தேவைப்படும் கைத்திறனும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், புதுக் கார் வாங்குவதைவிடப் பழையதைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று 1980களில் புத்தகமே எழுதியவர். அவர் 1990களின் தொடக்கத்தில் மைனரின் உடல் தகடுகளையும் பாகங்களையும் செய்விக்கத் தேர்ந்த நாடு இலங்கை. இங்கிலாந்தில் பிறந்த காருக்கு இங்கேயிருந்து பாகம் போனது. தகட்டைத் தட்டி வளைக்கும் டிங்கர் பாஸ்மாரும் லேத்காரர்களும் இந்த ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. எந்தக் காருக்கு எந்த வண்டியின் பாகம் ஒத்துவரும் என்ற அவர்களது நினைவும் கொப்பியில் ஏற வேண்டிய சரக்குத்தான்.

காரை வைத்திருக்கத் தீர்மானித்தவர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். நமது எதிரி உப்புக் காற்று. மைனருக்குத் தனிச் சேசி கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாக ஒட்டிய கட்டு. கதவின் கீழ்ப்படியிலும், ஜாக்கி வைக்கும் இடத்திலும், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும் கறள் பிடித்தால் அது அழகுக் குறையாக நிற்காது, வண்டியின் எலும்பையே தின்னும். அந்த இடங்களில் புட்டி பூசி மறைக்காமல் தகட்டை வெட்டிப் புதிதாக ஒட்டுங்கள். கிங்பின்னுக்குக் கிறீஸ் அடிக்கத் தவறாதீர்கள். தேய்ந்துபோனால் முன்சக்கரம் ஓட்டத்திலேயே மடிந்துவிடும். பல பழைய பிரித்தானிய வண்டிகளில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு சேரும். அறியாமல் மாற்றிக் கொடுத்தால் உள்ளே பொருத்திய றேடியோ போன்றவை எரியும். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றபின் பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகள் வேகமாகத் தேயும். எஞ்சின் திறக்கும் நாளில் கடினமான இருக்கை போட்டுக்கொள்ளுங்கள். வெகுநாள் நிறுத்துவதானால் கட்டைமேல் தூக்கி வையுங்கள், காற்றுப் புக விடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் படங்கு, வெயிலைவிடக் கெடுதி.

கடல் காற்றாக மட்டும் வரவில்லை என்பதும் நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உயிருக்கு முன்னால் வண்டி என்ன, காகிதம் என்ன. ஆனாலும் அந்தக் காலையில் அல்பங்களும் உறுதிகளும் பதிவுப் புத்தகங்களும் வீட்டோடு போயின. மூத்தப்பா காரில் சாய்ந்து நிற்கும் ஒரே படம் போன வீடுகளில், அவர் முகத்தையே பேரப்பிள்ளைகள் பார்த்ததில்லை. கொப்பியை ஒரே பிரதியாக வைக்காதீர்கள் என்று இம்மடல் கெஞ்சுவது அதனால்தான். போனில் படம் பிடித்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள். ஊர்ப் பொது நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். 1995இல் தொடங்கி ஒலுவிலில் நடக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று இவற்றைத் திரட்டினால், அம்பாறைக் கரையோரத்தின் போக்குவரத்து வரலாற்றுக்கு முதல் ஆவணம் கிடைக்கும்.

கொப்பியில் என்ன எழுதுவது? இலக்கத் தகடு. சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம். பதிவுப் புத்தகத்தில் முன்னைய உரிமையாளர்களின் வரிசை. புத்தகம் தொலைந்திருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து எடுத்த விவரம். முதலில் என்ன நிறம், எப்போது மாற்றினீர்கள். யார் ஓட்டினார். எந்தப் பாதையில் ஹயர் ஓடியது. யாருடைய கல்யாணத்துக்கு மாப்பிள்ளை காராகப் போனது. எந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அதற்குள் பிறந்தது. யாரை வழியனுப்பிக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோனது. எந்த வருடம் நின்றது, ஏன் நின்றது. ஒரு காருக்கு நான்கு பக்கம் போதும்.

ஓடும் நிலையில் உள்ளவர்கள் பெருநாள் கழிந்த ஒரு பின்னேரம் ஊர் மைதானத்தில் வண்டிகளைக் கூட்டி நிறுத்துங்கள். ஓடாததை லொறியில் ஏற்றி வந்தாலும் சரிதான். டிங்கர் பாஸ்மாருக்கு முன்வரிசையில் கதிரை போடுங்கள். காரைதீவிலும் பாண்டிருப்பிலும் உள்ள தமிழ் நண்பர்களையும், அம்பாறையிலுள்ள சிங்கள நண்பர்களையும் அழையுங்கள். அந்த வண்டிகள் ஓடிய காலத்தில் ஒரே ஹயர் காரில் மூன்று ஊராரும் நெருக்கி உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு படங்கை நீக்குங்கள். மைனரானால், பொனட்டைத் தூக்கியதும் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு சின்னத் தகடு தெரியும். கறளை எண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, இலக்கத்தை ஒரு பிள்ளை வாசிக்க, இன்னொரு பிள்ளை எழுதட்டும். வாப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருக்கட்டும். “இதை யாரிட்ட வாங்கின, வாப்பா?” என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.



இப்படிக்கு,
கரையோரத்தின் பழைய வண்டிகளை நேசிக்கும் ஒருவர்